தரையைத் தொட்ட எலுமிச்சை

"ஐயோ... பெருமாளே...!"

பெங்களூர் மல்லேஸ்வரத்தின் அந்தக் கிராஸ் ரோட்டில், டிகாக்‌ஷன் இறங்கக் காத்திருந்த வீடுகள் எல்லாம் அந்த அலறலில் வாசலுக்கு வந்துவிட்டன.

அலறியவள் ருக்கு மாமி. புடவைக்கு ஸ்போர்ட்ஸ் ஷூ போட்டு வாக்கிங் போகிறவள்.

அவள் காலடியில் சுப்ரமணியன் கிடந்தார். குப்புற. அசைவில்லாமல்.

தெருவின் அசோசியேஷன் செக்ரெட்டரி. நாற்பத்தைந்து வயது. கல்யாணமாகாதவர். தெருவின் இரண்டு முனையிலும் மலை மாதிரி வேகத்தடை போட வைத்த புண்ணியவான்.

இரண்டு வேகத்தடைகளுக்கும் நட்ட நடுவில் செத்துக் கிடந்தார்!

இன்ஸ்பெக்டர் சோஃபியா ஜீப்பிலிருந்து குதித்தாள். கோலார் தங்கவயலில் பிறந்து வளர்ந்தவள். எதையும் இரண்டு தடவை பார்த்துத்தான் நம்புவாள்.

டாக்டர் நிமிர்ந்தார்.

"வண்டி மோதியிருக்கு மேடம். வேகமா. இடுப்பு எலும்பு நொறுங்கிப் போச்சு."

"ஆக்ஸிடென்ட்டா?"

"மோதிட்டு ரிவர்ஸ்ல வந்து இன்னொரு தடவை ஏத்தியிருக்காங்க. ஆக்ஸிடென்ட்டுக்கு அவ்வளவு பொறுமை கிடையாது."

சோஃபியா குனிந்தாள். பிணத்தின் அருகே உள்ளங்கை அளவில் ஒரு ஃபைபர் துண்டு.

சிவப்பு... பளீர் சிவப்பு!

"சித்தலிங்கய்யா! சிசிடிவி?"

ஹெட் கான்ஸ்டபிள் சித்தலிங்கய்யா மீசையைத் தடவினார். கன்னடக்காரர். சிவாஜிநகரில் பார்த்த பல வருஷ டியூட்டி அவருக்குத் தமிழைக் கற்றுக் கொடுத்திருந்தது... ஒரு மாதிரியாக.

"நோடிட்டேன் மேடம். கேமரா மூணு மாசமா கெட்டுப் போயி இருக்குது. போர்டு மட்டும் சென்னாகி, நல்லா இருக்குது. 'நீங்கள் கண்காணிக்கப்படுகிறீர்கள்.'"

ருக்கு மாமி மெல்லப் பக்கத்தில் வந்தாள். பயம் போய் உற்சாகம் வந்திருந்தது அவள் முகத்தில்.

"இன்ஸ்பெக்டர் மேடம்... இந்த ஏரியாவிலேயே சிவப்புக் கார் ஒண்ணே ஒண்ணுதான். அடுத்த கிராஸ் ஷ்ரேயாஸோடது. ரெண்டே சீட். பழைய ரேஸ் கார் மாதிரி இருக்கும்."

"அவருக்கும் செத்தவருக்கும்...?"

"ஆகவே ஆகாது! பாருங்கோ, அசோசியேஷன் க்ரூப்லயே இருக்கு."

போனை நீட்டினாள். வீடியோ ஓடியது.

சிவப்புக் கார் ஒன்று வேகத்தடையின் மேல் வயிற்றைக் கொடுத்து மாட்டிக்கொண்டு நிற்கிறது. முன் பம்பருக்குக் கீழே ஏதோ உடைந்து தொங்குகிறது. ஓரமாய் நின்று கை தட்டிச் சிரிக்கிறார் சுப்ரமணியன். காரிலிருந்து இறங்கிய இளைஞன் கத்துகிறான்...

"ஒரு நாள் உன்னை இதே ஹம்புல படுக்க வெச்சு ஏத்தறேன் பாரு!"

சோஃபியா போனைத் திருப்பிக் கொடுத்தாள்.

"வண்டியை எடுங்க சித்தலிங்கய்யா."

*

ஷ்ரேயாஸின் வீட்டு வாசலில் ஜீப் நின்றபோது, பின்னாலேயே ஒரு ஆட்டோவும் வந்து நின்றது.

இறங்கியவள் அவன் மனைவி நிருபமா. நெற்றியில் குங்குமம். கையில் அர்ச்சனைத் தட்டு. ஈரத் தலைமுடி.

"போலீஸா? என்னாச்சு மேடம்?"

"சுப்ரமணியனை யாரோ கார் ஏத்திக் கொன்னுட்டாங்க."

தட்டிலிருந்த தேங்காய் மூடி உருண்டது.

"ஐயையோ...!"

"உங்க ஹஸ்பெண்ட் ராத்திரி வீட்டுல இருந்தாரா?"

"தெரியலையே மேடம். அவர் மாடியில படுத்துப்பார். எனக்குத் தலைவலி. மாத்திரை போட்டுண்டு தூங்கிட்டேன். காலம்பற எழுந்து நேரா கோவிலுக்குப் போயிட்டேன்."

'இல்லை' என்று சொல்லியிருக்கலாம். 'ஆமாம்' என்றும் சொல்லியிருக்கலாம். இரண்டையும் விட மோசமானதைச் சொன்னாள்.

ஷ்ரேயாஸ் அரை டிராயரோடு ஓடி வந்தான். விஷயம் கேட்டதும் முகம் சுண்ணாம்பாய் வெளுத்தது.

"மேடம்... நான் கொல்லலை! கொல்லணும்னு நெனச்சாக்கூட முடியாது! என் கார் அந்த ஹம்பைத் தாண்டாது!"

"அப்படியா?"

"வீடியோ பாத்தேளோ இல்லையோ? அது இருபத்தஞ்சு வருஷ வண்டி மேடம். ஷாக் அப்ஸார்பர், ஸ்ப்ரிங் எல்லாம் செத்துப் போயிருந்தது. வளைவுல படகு மாதிரி ஆடும். ஜப்பான்லேர்ந்து புது சஸ்பென்ஷன் கிட் வரவழைச்சு, ஈஜிபுரா மெக்கானிக் அசோகன்கிட்ட கொடுத்து மாட்டினேன். இப்போ ரோட்டுல ஒட்டிண்டு போறது! ஆனா..."

"ஆனா?"

"ரொம்பத் தாழ்ந்து போயிடுத்து. மாட்டின அன்னிக்கே அந்த ஹம்புல சிக்கிண்டது. அதுக்கப்புறம் அந்தத் தெருப் பக்கமே போறதில்லை. வேற வழியா சுத்திண்டு போறேன். தெருவுல யாரை வேணா கேளுங்கோ!"

சோஃபியா யோசித்தாள்.

எந்தப் பக்கமிருந்து வந்தாலும் வேகத்தடையைத் தாண்டாமல் பிணம் கிடந்த இடத்துக்குப் போக முடியாது. செத்தவன் போட்ட வேகத்தடையே இவனுக்குச் சாட்சி சொல்கிறது!

"அன்னிக்கு உடைஞ்ச துண்டு எல்லாம்?"

"கராஜ்ல அட்டைப் பெட்டியில கிடக்கு."

"பூட்டி வெச்சிருக்கீங்களா?"

"குப்பையை யாராவது பூட்டுவாளா மேடம்?"

யாராவது ஒரு துண்டை எடுத்துப் போட்டிருக்கலாம். சோஃபியா கிளம்பத் திரும்பினாள்.

அப்போதுதான் நிருபமா மெல்லிய குரலில் சொன்னாள்.

"மேடம்... வந்ததுதான் வந்தேள். காரையும் ஒரு தடவை பாத்துடுங்கோளேன். அவர் மேல சந்தேகமே இல்லாம போயிடும்."

*

கராஜ் கதவு திறந்தது.

சிவப்பு அழகி! தரையோடு தரையாய்ப் படுத்திருந்தது. முன் பம்பரின் அடியில் பழைய விரிசல், பழைய தழும்பு.

சோஃபியா முட்டி போட்டு உட்கார்ந்தாள்.

நம்பர் பிளேட்டுக்குக் கீழே திருஷ்டிக் கயிறு. எலுமிச்சம்பழம், பச்சை மிளகாய், கரித்துண்டு. பெங்களூரில் சைக்கிள் முதல் லாரி வரை கட்டுகிற அதே கயிறு.

ஆனால்...

அது தொங்கவில்லை. தரையில் சுருண்டு படுத்திருந்தது!

"இதை யார் கட்டினது?"

"நான்தான் மேடம்" என்றாள் நிருபமா. "சனிக்கிழமை. சம்பிகே ரோடு சிக்னல்ல ஒரு அம்மா விப்பாளே, அவகிட்ட வாங்கினேன்."

"ஹௌது, நானும் அவ கிட்டதான் சனிக்கிழமை ஜீப்புக்கு வாங்கினேன்" என்றார் சித்தலிங்கய்யா, யாரும் கேட்காமலே. "ஒள்ளே கைராசி மேடம், அந்த அம்மாவுக்கு."

சோஃபியா அவரைக் கண்ணால் அடக்கினாள்.

"கட்டினப்போ இப்படித்தான் தரையில கிடந்ததா?"

"இல்லையே... அழகா தொங்கித்து. தரைக்கும் அதுக்கும் நாலு விரக்கடை இருந்தது."

சொல்லிவிட்டு, 'ஏதாவது தப்பாகச் சொல்லிவிட்டேனா' என்பது போல் கணவனைப் பார்த்தாள்.

சோஃபியா எழுந்தாள்.

"ஷ்ரேயாஸ்! சனிக்கிழமைக்கு அப்புறம் கார் வெளியே போச்சா?"

"செவ்வாய்க்கிழமை எலக்ட்ரானிக் சிட்டி வரைக்கும் போனேன். ஏன்?"

"இவ்வளவு தாழ்வா இருந்த கார்ல, இவ்வளவு நீளக் கயிறு எலக்ட்ரானிக் சிட்டி போய் வந்தா, எலுமிச்சம்பழம் பாதி தேஞ்சிருக்கணும். இதுல ஒரு கீறல் இல்லை! இன்னிக்கு வியாழக்கிழமை. சனிக்கிழமையும் கார் உயரமா இருந்திருக்கு, செவ்வாய்க்கிழமையும் உயரமா இருந்திருக்கு. இப்பத்தான் தாழ்ந்திருக்கு!"

"என்ன சொல்றேள்...?"

"உயரமான கார்ல ஹம்பைத் தாண்டிப் போய் ஆளை அடிச்சுட்டு, வந்து காரைத் தாழ்த்தி வெச்சிருக்கீங்க. ஊரே பார்த்த வீடியோ இருக்கு. எவன் சந்தேகப்படப் போறான்?"

"நான் அந்தக் கயிறையே கவனிச்சதில்லை மேடம்! பூஜை, திருஷ்டி எல்லாம் நிருதான் பாத்துப்பா!"

"அதுதான் நீங்க பண்ணின தப்பு."

நிருபமா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு விம்மினாள்.

*

ஈஜிபுராவிலிருந்து மெக்கானிக் அசோகனை அள்ளிக்கொண்டு வந்தார்கள். ஐம்பது வயது. கையில் இன்னும் கிரீஸ்.

"காரை ஏத்தி இறக்க முடியுமா?"

"முடியும் மேடம். ஸ்ப்ரிங்குக்குக் கீழ ஒரு வளையம் கீது. அதைத் திருப்புனா ஏறும், எறங்கும். நான்தான் தம்பிக்குக் காட்டிக் குடுத்தேன். ஸ்பேனரு கூட கிட்டோடவே வந்துச்சு."

ஷ்ரேயாஸ் தலையில் கை வைத்துக்கொண்டான்.

"அண்ணா... கொஞ்சம் கம்மியா பேசுங்களேன்!"

"இன்னா தம்பி, உண்மைதானே? இவ்ளோ எறக்க வேணாம், பெங்களூர் ரோடு தாங்காதுன்னு தலைதலையா அடிச்சிக்கினேன். கேட்டீங்களா நீங்க?"

"கடைசியா எப்ப காரைப் பார்த்தீங்க?" சோஃபியா குறுக்கிட்டாள்.

"நேத்து சாயங்காலம். முன்பக்கம் டொக்கு டொக்குன்னு சத்தம் வருதுன்னு தம்பி போன் பண்ணாரு. வந்து ஒரு போல்ட்டை டைட் பண்ணிட்டுப் போனேன்."

"அப்ப கார் உயரமாத்தானே இருந்தது?"

"இல்ல மேடம். இதே மாதிரிதான் இருந்துச்சு."

"இந்தக் கயிறு?"

அசோகன் குனிந்து பார்த்தார். நெற்றி சுருங்கியது.

"இது... நேத்து இல்லவே இல்ல மேடம்."

"பொய்!"

"சத்தியமா இல்ல! முன்பக்கம் மல்லாந்து படுத்து வேலை செஞ்சிருக்கேன். இருந்தா என் மூஞ்சி மேல இல்ல இடிச்சிருக்கும்?"

"மூணு வாரமா இவர் காரோடயே குடும்பம் நடத்தியிருக்கீங்க. நல்ல கஸ்டமர். காப்பாத்தத்தான் பார்ப்பீங்க."

அசோகன் கை கூப்பினார்.

"மேடம், ஞாயித்துக்கிழமை தங்கவயல்ல என் பொண்ணு கிரேஸுக்கு நிச்சயம். சர்ச்சுல சொல்லியாச்சு. ஊரையே கூப்ட்டாச்சு. நான் போகலைன்னா..."

"ஒரு வார்த்தைதான். நேத்து கயிறு இருந்தது, கார் உயரமா இருந்ததுன்னு ஸ்டேட்மென்ட் கொடுங்க. இப்பவே வீட்டுக்குப் போகலாம். இல்லைன்னா நீங்களும் உடந்தை. ஞாயித்துக்கிழமை லாக்கப்லதான்."

அசோகன் கையிலிருந்த கிரீஸை வேட்டியில் துடைத்தார். துடைத்ததையே துடைத்தார்.

"இல்லாததை இருந்துச்சுன்னு எப்படி மேடம் சொல்லுவேன்? நான் ஒரு வார்த்தை சொன்னா இந்தத் தம்பி தூக்குல தொங்கும். அதுக்கப்பறம் என் பொண்ணு நிச்சயத்துல நான் எப்படி சோறு துன்னுவேன்?"

தங்கவயல்காரனின் பிடிவாதம் சோஃபியாவுக்குப் புதிதல்ல. அவள் அப்பாவிடமும் இருந்தது.

ஆனால் எலுமிச்சம்பழம் பொய் சொல்லாதே!

"ரெண்டு பேரையும் ஏத்துங்க சித்தலிங்கய்யா."

*

ஷ்ரேயாஸும் அசோகனும் ஜீப்பின் பின்னால் ஏறினார்கள்.

சோஃபியா தன் சீட்டுக்குப் போக ஜீப்பின் முன்பக்கமாகச் சுற்றி வந்தாள்.

நடந்தவள்... நின்றாள்!

ஜீப்பின் பம்பரில் சித்தலிங்கய்யா கட்டிய திருஷ்டிக் கயிறு ஆடிக்கொண்டிருந்தது.

மிளகாய்கள் வதங்கி, சுருங்கி, நிறம் மாறி வற்றலாகத் தொங்கின. எலுமிச்சம்பழம் கறுத்து ஒடுங்கியிருந்தது.

"சித்தலிங்கய்யா... இது எப்ப கட்டினது?"

"சொன்னேனே மேடம்? சனிக்கிழமை. அதே அம்மா கிட்ட."

சோஃபியா ஒரு கணம் கண்ணை மூடினாள். அடுத்த கணம் கராஜை நோக்கி ஓடினாள்!

தரையில் சுருண்டிருந்த கயிற்றைத் தூக்கிப் பார்த்தாள்.

மிளகாய் பச்சைப் பசேலென்று மினுமினுத்தது. காம்பை ஒடித்தாள். 'டக்'கென்று ஒடிந்தது. சாறு விரலில் பட்டது.

"நிருபமா!"

கராஜ் வாசலில் நிருபமா நின்றிருந்தாள். விம்மல் நின்று போயிருந்தது.

"சனிக்கிழமை கட்டின மிளகாய் வியாழக்கிழமை வரைக்கும் இப்படி இருக்காதே?"

"அ... அது... உங்க ஜீப் வெயில்ல நிக்கறது மேடம். இது நிழல்ல இருக்கு."

"செவ்வாய்க்கிழமை எலக்ட்ரானிக் சிட்டிக்கு நிழல்லயே போயிட்டு வந்ததா?"

நிருபமா முந்தானையை இழுத்துச் செருகினாள்.

"சரி... மறந்துட்டேன். இன்னிக்குக் காலம்பறதான் புதுசு மாத்தினேன். அது ஒரு தப்பா?"

"தப்பில்லை. ஆனா இன்னிக்குக் காலையில கார் தரையோட தரையா இருக்கு. நாலு விரக்கடை மேல தொங்கினதுன்னு சொன்னீங்களே, எப்படித் தொங்கும்? தரையில கிடக்கற மாதிரி யாராவது திருஷ்டிக் கயிறு கட்டுவாங்களா? கார் நேத்து வரைக்கும் உயரமா இருந்ததுன்னு நான் நம்பணும்னே கட்டினீங்க. காரைப் பாத்துட்டுப் போங்கோன்னு கூப்பிட்டதும் நீங்கதான், பிணத்துக்கிட்ட அந்தச் சிவப்புத் துண்டைப் போட்டதும் நீங்கதான்!"

ஜீப்பிலிருந்து ஷ்ரேயாஸ் தலையை நீட்டினான்.

"நிரு...?"

சோஃபியா கராஜின் மறுபாதியைப் பார்த்தாள். காலி. தரையில் புதிய டயர் தடம். அகலமான தடம்.

"உங்க வண்டி எங்க?"

"ச... சர்வீஸுக்கு விட்டிருக்கேன்."

"கோவிலுக்கு ஆட்டோல போனது அதனாலதானா?"

அந்த நொடியில்...

நிருபமாவின் கையிலிருந்த போன் அலறியது!

அவள் கட் செய்யப் போனாள். சோஃபியா அதைப் பிடுங்கி ஸ்பீக்கரில் போட்டாள்.

"மேடம்ஜி! சிவாஜிநகர் டிங்கரிங் ஷாப்லேர்ந்து பேசறேன். காலைல வெச்சுட்டுப் போனீங்களே பெரிய வண்டி? பானட் பூரா போயிடுச்சு. தட்டி எடுக்க முடியாது, மாத்தணும். க்யா மேடம், மாடு இடிச்சதுன்னீங்க, இங்க சட்டைத் துணி மாட்டியிருக்கு! மாடு எப்பலேர்ந்து சட்டை போடுது?"

சோஃபியா மெதுவாகப் போனை இறக்கினாள்.

"அந்த வண்டியைத் தொடாதீங்க. போலீஸ் வருது."

நிருபமா கராஜ் சுவரில் சாய்ந்து அப்படியே உட்கார்ந்தாள்.

"டாக்டர் காலையிலேயே சொன்னார்" என்றாள் சோஃபியா. "இடுப்பு நொறுங்கியிருக்குன்னு. இந்தக் காரை எவ்வளவு ஏத்தினாலும் முட்டியைத்தான் அடிக்கும். இடுப்பை அடிக்கற உயரம் உங்க வண்டிக்குத்தான் இருக்கு. ஹம்பும் அதுக்கு ஒரு பொருட்டில்லை. நான்தான் எலுமிச்சம்பழத்தைப் பார்த்துட்டு எலும்பை மறந்துட்டேன். ஏன் கொன்னீங்க?"

"அவன்கிட்ட என் போட்டோ இருந்தது." குரல் தரையைப் பார்த்துப் பேசியது. "ஒரு வருஷம் பழகினேன். போதும்னேன். ஷ்ரேயாஸை விட்டுட்டு வா, இல்லேன்னா அசோசியேஷன் க்ரூப்ல போட்டுடுவேன்னான்."

"சரி... புருஷனை ஏன் மாட்டி விட்டீங்க?"

நிருபமா தலையைத் தூக்கினாள். முதல் தடவையாக அவள் கண்ணில் நிஜமான கோபம்.

"ஏழு வருஷமா அவன் அந்தக் காரோடதான் மேடம் குடித்தனம் பண்றான்! என் பர்த்டே அவனுக்குத் தெரியாது. அந்த ஸ்ப்ரிங் எந்தத் தேதியில கப்பல் ஏறித்துன்னு தெரியும்! அந்தக் காராலயே உள்ள போகட்டும்னு நெனச்சேன்."

ஷ்ரேயாஸ் ஜீப்பிலிருந்து இறங்கி வந்தான். மனைவியைப் பார்த்தான். காரைப் பார்த்தான். அழுதுவிட்டான்.

யாருக்காக அழுதான் என்று கடைசி வரை யாருக்கும் தெரியவில்லை.

*

பெண் போலீஸார் நிருபமாவை அழைத்துப் போனார்கள்.

சோஃபியா அசோகனின் முன்னால் வந்து நின்றாள். சங்கடமாகத்தான் இருந்தது.

"அண்ணே... நான் சொல்லச் சொன்ன பொய்யை நீங்க சொல்லியிருந்தா, ஒரு நிரபராதியை உள்ள தள்ளியிருப்பேன். மன்னிச்சிடுங்க."

"பரவால்ல மேடம். எங்க ஊருப் பொண்ணு போல இருக்கீங்க. ஞாயித்துக்கிழமை நிச்சயத்துக்கு வந்துடுங்க."

"கண்டிப்பா வரேன்."

அசோகன் ஷ்ரேயாஸின் தோளைத் தட்டினார்.

"தம்பி, வளையத்தை ரெண்டு சுத்து ஏத்தி விடட்டுமா?"

ஷ்ரேயாஸ் மூக்கை உறிஞ்சினான். காரை ஒரு பார்வை பார்த்தான்.

"ஒ... ஒண்ணரை சுத்து போறும் அண்ணா. ஹேண்ட்லிங் போயிடும்."

சோஃபியா தலையில் அடித்துக்கொண்டு ஜீப்பில் ஏறினாள். சித்தலிங்கய்யா கிளம்பவில்லை. பம்பரின் முன்னால் குனிந்து, வற்றிப்போன கயிற்றைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டு கும்பிட்டுக்கொண்டிருந்தார்.

"என்னய்யா பண்றீங்க?"

"ஒண்ணும் இல்ல மேடம். இந்த சனிக்கிழமை ஜீப்புக்கு ரெண்டு கயிறா கட்டிடறேன். ஒண்ணு திருஷ்டிக்கு... இன்னொண்ணு கோர்ட்டுல சாட்சிக்கு!"